கொண்டல்துறையின் பெயரைச் சொல்லப் போனேன்

வாசகரே, உங்களை நடுவராக அழைக்கவில்லை, சாட்சியாக அழைக்கிறேன். நடுவர் இரு பக்கத்தையும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். சாட்சி கடைசிவரை இருக்க வேண்டும். பின்னொரு நாள் யாரேனும் கேட்டால், கேட்டதைக் கேட்டபடி சொல்ல வேண்டும். பாடசாலை நாள் முதல் விவாத மேடைகளில் வளர்ந்தவன் நான். அவைக்கு வணக்கம் கூறாமல் ஒரு பேச்சையும் நான் தொடங்கியதில்லை. இதை வணக்கமின்றித் தொடங்குகிறேன். காரணத்துக்கும் நீங்களே சாட்சி.

கொண்டல்துறை என்பது மன்னாரில் எங்கள் கரை. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. கேரளக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் கவிழ்ந்தபோது அதன் வயிற்றிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் மூட்டை மூட்டையாகக் கடலில் கொட்டின. வாளியும் கதிரையும் போத்தலும் வார்ப்பதற்கான மூலப்பொருள் அது. பயறளவு, பால் வெள்ளை. கேரளத்துக் கரைகளை நிறைத்த பிறகு, சோளகம் என்று நாங்கள் சொல்லும் தென்மேற்குக் காற்றோடு குமரிமுனையைச் சுற்றி எங்கள் மணலுக்கும் வந்தன. எங்கள் றீற்றா அக்கா அந்த மணலில் பாய் விரித்துக் கருவாடு போடுபவர். செவுளுக்குள் வெள்ளை மணி கிடக்கக் கண்ட கொழும்பு வியாபாரி மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை. பாய்கள் சுருட்டியபடி கிடக்கின்றன.

இந்தச் சேதத்தை ஆராயச் சர்வதேச அமைப்பொன்று திருவனந்தபுரத்தில் ஓர் ஆலோசனைக் கூட்டம் கூட்டியது. பாதிக்கப்பட்ட கரைகளின் பட்டியல் அங்கே இறுதியாகும். பட்டியலில் உள்ள கரைக்கே துப்புரவு. அந்தக் கரைக்கே நட்டஈடு. கப்பல் கவிழ்ந்த நாட்டின் கரைகள் தாமாகவே பட்டியலில் ஏறிவிடும். அயல்நாட்டுக் கரை ஏற வேண்டுமானால், யாரேனும் ஒருவர் அவையில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். விதி அவ்வளவுதான். எங்கள் கடற்றொழிலாளர் சங்கம் பேசத் தெரிந்தவன் என்று என்னை அனுப்பியது. புறப்படும்போது றீற்றா அக்கா ஒரு ஜாம் போத்தல் நிறைய அந்த மணிகளை அள்ளித் தந்தார். "எங்கட கரையின்ர பேரைச் சொல்லு. வேற ஒண்டும் வேண்டாம்" என்றார்.

அந்தப் போத்தல் திருவனந்தபுரம் விமான நிலையத்தைத் தாண்டவில்லை. சுங்க அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விதையா என்று கேட்டார். இல்லை, பிளாஸ்டிக் என்றேன். புதியதா, கழிவா என்றார். கடலில் மிதந்து வந்தது என்றேன். அப்படியானால் கழிவு, ஒரு நாட்டின் பிளாஸ்டிக் கழிவை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுவர அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்கு உலக உடன்படிக்கையே இருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். இது இங்கிருந்துதான் எங்களிடம் வந்தது, வந்தபோது ஒரு பத்திரமும் கொண்டுவரவில்லை என்றேன். அவர் நல்ல மனிதர், சிரித்தார். சிரித்துக்கொண்டே போத்தலை மேசைக்கு அடியில் வைத்துவிட்டார்.

வெளியே ஜெயந்தி நின்றாள். எனக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூட்டத்தார் அமர்த்தியிருந்தவள்; என் வயதுதான் இருக்கும். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம். அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை. பள்ளியும் கல்லூரியும் மலையாளத்தில் போனதால் அவளுடைய தமிழ் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் சற்றே மலையாளப் பக்கம் சாய்ந்து எழும். நான் என்னை அறிமுகம் செய்துகொண்டதைக் கடைசிவரை கேட்டுவிட்டு, "இது பேச்சா சாரே, இல்ல கோயில் கொடியேத்தா?" என்றாள். போத்தல் போன கதையைச் சொன்னேன். கவலை வேண்டாம், வெட்டுக்காட்டுக் கரையில் போய்க் குனிந்தால் வேண்டுமட்டும் கிடைக்கும் என்றாள்.

அன்று மாலையே அவளுடைய ஸ்கூட்டரில் போனோம். போகும் வழியில் அவள் அப்பாவின் கடையில் மணல் சலிக்கும் ஓர் அரிப்பு வாங்கினோம். கப்பல் கவிழ்ந்த பிறகு இந்த அரிப்புதான் கடையில் நன்றாகப் போகிறது என்றார் அவர், வெட்கத்தோடு. வெட்டுக்காட்டில் கிறிஸ்து ராஜா கோயிலின் முன்னால் மெழுகுவர்த்தி விற்றுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்த் திருவிழாவில் நிற்பதுபோல இருந்தது. மணலில் ஒரு பிடி அள்ளி அரித்தால் அரிப்பில் வெள்ளை மணிகள் மட்டும் எஞ்சின; கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை அவற்றால் நிரப்பிக்கொண்டேன். ஒரு நாட்டின் சுங்கம் தடுத்ததை அதே நாட்டின் கரை கைநிறையத் தந்தது. படகோரம் வலை பின்னிக்கொண்டிருந்த லோரன்ஸ் என்ற பெரியவர் நாங்கள் செய்வதைப் பார்த்து மலையாளத்தில் என்னவோ கேட்டார். எங்கள் கரைக்கும் இவை வந்ததை ஜெயந்தி சொன்னாள். அவர் பதிலை அவள் தமிழில் தந்தாள்: "அங்கேயும் போச்சா? அப்போ கடல் நேர்மையாத்தான் பங்கு வச்சிருக்கு. மத்தவங்கதான் வைக்கல."

மறுநாள் கூட்டத்தின் முதல் நாள். கோவளத்தில் ஒரு கடலோர விடுதியில் நடந்தது. நான் தங்கியிருந்தது நகரத்துக்குள். காலையில் ஒரு சாயக்கடையில் புட்டும் கடலையும் தின்றேன். எங்கள் புட்டு தேங்காய்ப்பூவோடு உதிர்ந்து சொதிக்குக் காத்திருக்கும். இவர்களுடையது குழலிலிருந்து தூணாக வந்து நிமிர்ந்து நிற்கிறது. இளஞ்சிவப்பில் வெந்நீர் தந்தார்கள், ஏதோ மரப்பட்டையாம். ருசித்தேன் என்பது பொய்யாகும். வாய் புட்டைத் தின்றது. மனம் பேச்சை ஒப்பித்தது. அந்த ஒப்பித்தலோடே பேருந்தில் ஏறினேன். பலகையிலிருந்த மலையாள எழுத்தை வாசிக்க முயலவுமில்லை, யாரையும் கேட்கவுமில்லை. வீடுகள் குறைந்து ரப்பர் மரங்கள் தொடங்கியபோதுதான் சந்தேகம் வந்தது. கோவளம் எப்போது வரும் என்று நடத்துநரைக் கேட்டேன். அவர் பின்னால் திரும்பி அதைப் பேருந்து முழுவதற்கும் அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அது வித்துராவுக்குப் போகும் பேருந்து.

பக்கத்திலிருந்த பெண்மணிதான் தமிழில் சொன்னார்: "கடலுக்குப் போக மலை ஏறுறீங்களே தம்பி." போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்காரர். எங்கள் மலையகத்துத் தமிழை அப்படியே உரித்து வைத்ததுபோல அவர் பேச்சு. எதற்கு வந்தேன் என்று கேட்டார். கடலைக் காப்பதற்கான உலகக் கூட்டத்தில் பேச என்றேன், சற்றுப் பெருமையோடு. "எங்க எஸ்டேட்டுக்கும் வந்து பேசிட்டுப் போனாங்க. நல்லாத்தான் பேசினாங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுமங்காட்டில் இறங்கி, வந்த வழியே திரும்பினேன்.

நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஒரு நிபுணர் திரையில் படங்கள் காட்டிக்கொண்டிருந்தார். இந்த மணிகளால் இக்கடலின் மீன் உண்பதற்குக் கேடானது என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை, மீனவர்கள் தேவையற்ற பீதிக்கு இடம் தரலாகாது என்று முடித்தார். நானும் கை தட்டினேன். றீற்றா அக்காவின் வியாபாரியை அழைத்துவந்து இதைக் கேட்க வைக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு மதிய உணவு. பரிமாறும் மேசையில் கோழி இருந்தது, ஆட்டிறைச்சி இருந்தது, அவியலும் ஓலனும் இருந்தன. கடலைப் பார்த்தபடி இருக்கும் விடுதியில் மீன் இல்லை. பரிமாறிய இளைஞர் திருநெல்வேலிக்காரர். விசாரித்தபோது குரலைத் தாழ்த்தினார்: "ஒரு முன்னெச்சரிக்கைக்கு மீன் வேண்டாம்னு கூட்டத்துக்காரங்க சொல்லிட்டாங்க சார். நாங்க உள்ள மீன்கொழம்புதான் சாப்பிடுதோம். வேணுமா?"

வேண்டும் என்றேன். சமையலறை வாசலில் நின்று தின்றேன். நிபுணர் கோழி தின்றுகொண்டிருந்தார்.

பிற்பகல் முழுவதும் அரசுகளின் பிரதிநிதிகள் ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டினார்கள். கப்பல் உரிமையாளர்கள் கரையைத் துப்புரவாக்க வேண்டும் என்பதா, துப்புரவாக்குவது விரும்பத்தக்கது என்பதா. விரும்பத்தக்கது வென்றது. நான் எத்தனையோ விவாதங்களில் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தோற்றவர் முகம் வாடும். இங்கே இரு தரப்பும் தேநீர் மேசையில் தோளில் தட்டிக்கொண்டன. தோற்றவர்கள் அந்த மண்டபத்துக்குள் இல்லை.

அரசுகளிடம் நான் எதிர்பார்த்தது குறைவு. செயற்பாட்டாளர்களிடம் அதிகம் எதிர்பார்த்திருந்தேன். ஆமை ஓடுபோல ஒரு தொப்பி அணிந்து, வெகு தொலைவிலுள்ள கண்டத்திலிருந்து வந்த ஒருவர் என் போத்தலைப் பார்த்ததும் கண் கலங்கினார். உள்ளங்கையிலிருந்து மணிகள் உதிர்வதைப் படமெடுக்க வேண்டும் என்றார். உதிர்த்தேன். இன்னும் மெதுவாக என்றார். இன்னொரு தடவை, முகத்தில் சிரிப்பில்லாமல் என்றார். நான் கூட்டி அள்ளி மறுபடி மறுபடி உதிர்த்தேன். அன்று மாலையே அந்தப் படத்தை உலகுக்கு அனுப்பிவிட்டு எனக்கும் காட்டினார். கீழே, 'இந்து சமுத்திரத்தின் இளங்குரல்' என்று எழுதியிருந்தது. நான் எந்தக் கரையிலிருந்து வந்தேன் என்று அவர் கேட்கவேயில்லை. அதைச் சொன்னபோது, மக்கள் மனதில் நிற்பது முகம்தான், இடம் அல்ல என்று அன்போடு விளக்கினார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தைப் பேச்சில் வைத்துத் தைத்தேன். மூன்று நிமிடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள்; தமிழில் பேசவும் அனுமதித்திருந்தார்கள். அவை வணக்கம், கடலின் பெருமை, மீனவர் துயர், இறுதியில் இடிபோலக் கொண்டல்துறை. பெயரை உச்சத்தில் வைப்பதுதான் மேடைக் கலை. கேட்பவரை ஏற்றி ஏற்றிக் கொண்டுபோய் அங்கே நிறுத்த வேண்டும். இந்த முறையில்தான் நான் கேடயங்கள் வாங்கினேன். ஜெயந்தியிடம் ஒருமுறை பேசிக் காட்டினேன். நன்றாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். அவள் முகம் ஒப்புக்கொள்ளவில்லை.

இரண்டாம் நாள் மாலை என்னைப் போன்ற அவதானிப்பாளர்களின் முறை வந்தது. அரசுகள் அதிக நேரம் எடுத்துவிட்டதால் எஞ்சியோருக்கு ஆளுக்கு ஒரு நிமிடம், மொழிபெயர்ப்பும் அதற்குள்ளே என்று தலைவர் அம்மையார் வருத்தத்துடன் அறிவித்தார். ஜெயந்தி என் பக்கம் சாய்ந்தாள். "முதல்லயே கரை பேரைச் சொல்லிருங்க சாரே. மத்ததெல்லாம் பின்னே."

"வணக்கம் சொல்லாமல் பேச நான் என்ன, மீன் ஏலம் கூறுபவனா?" என்றேன்.

ஒலிவாங்கியில் பச்சை விளக்கு எரிந்தது. எழுந்தேன். 'நீதி வேண்டி நீள்கடல் ஓரம் கூடியிருக்கும் இம்மாபெரும் அவையைத் தலைமை ஏற்று நடத்தும் மாண்புமிகு அம்மையார் அவர்களே' என்று தொடங்கி நிறுத்தினேன். ஜெயந்தி அதை இரண்டு ஆங்கிலச் சொற்களில் முடித்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்துக்கே அது அவமதிப்பாகப் பட்டது. அவளைத் திரும்பிப் பார்த்து, முழுவதும் சொல் என்று கையால் காட்டினேன். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு நீதியையும் நீள்கடலையும் மாபெரும் அவையையும் ஒன்று விடாமல் சொன்னாள். நான் அறிஞர்களை விளித்தேன், அவள் விளித்தாள். அரசுப் பிரதிநிதிகளை விளித்தேன், அவளும். இலங்கைத் தீவின் வெண்மணலிலிருந்து ஒரு வணக்கத்தைச் சுமந்து வந்திருக்கிறேன் என்றேன். அவள் அந்த வணக்கத்தை இறக்கி வைத்தபோது விளக்குச் சிவந்தது. ஒலிவாங்கி அணைந்தது.

நான் விடவில்லை. ஒலிபெருக்கி பழுதான திருவிழா மைதானங்களில் கடைசி வரிசைவரை கேட்கப் பேசியவன். "கொண்டல்துறை" என்று உரக்கச் சொன்னேன். இன்னொரு முறையும் சொன்னேன். எல்லோருடைய காதிலும் மொழிபெயர்ப்புக் கருவி இருந்தது. ஒலிவாங்கி வழியே வராத குரலுக்கு அந்த அவையில் வழி இல்லை. அடுத்தவரின் விளக்கு அதற்குள் எரிந்துவிட்டது. ஆனால் கை தட்டினார்கள். ஆமைத் தொப்பிக்காரர் எழுந்து நின்றே தட்டினார்.

செயலக மேசைக்கு ஓடினேன். ஒரு பெயரைச் சேர்த்தால் போதும், ஒரே சொல் என்றேன். மேசையிலிருந்தவர் பதிவைக் கேட்டுப் பார்த்தார். பதிவில் இருப்பதே அவை கேட்டது, பதிவில் அந்தச் சொல் இல்லை என்றார். அடுத்த அமர்வு வேறொரு நாட்டில் கூடும், நாள் பின்னர் அறிவிக்கப்படும், அங்கே மீண்டும் கேட்கலாம் என்றார். அதற்குள் எத்தனை சோளகம் அடிக்கும் என்று அவரிடம் கேட்க நினைத்தேன். அவர் மேசையிலும் ஒரு சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளை மணிகள் அழகுக்காக வைக்கப்பட்டிருந்தன.

நிறைவில் கூட்டத்தின் அறிக்கையை வாசித்தார்கள். பட்டியலில் கேரளத்துக் கரைகள் வரிசையாக வந்தன, வெட்டுக்காடும் வந்தது. நான் அதற்காக மகிழ்ந்தேன் என்பதையும் சாட்சியத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அயல்நாட்டுக் கரை என்ற தலைப்பின் கீழே ஒன்றுமில்லை. கடைசிப் பத்தியில் நான் இருந்தேன்: "இலங்கையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அவைக்குத் தமது கனிந்த வணக்கத்தைத் தெரிவித்தார்."

பொய் என்று எப்படிச் சொல்வேன்? நான் செய்தது அதைத்தான்.

ஜெயந்தி வெட்டுக்காட்டுக்குப் போகலாமா என்று கேட்டாள்; ஸ்கூட்டரில் ஏறினேன். மணலில் இறங்கியதும் அவள்மீது பாய்ந்தேன். கரையின் பெயர் உனக்குத் தெரியும், ஒலிவாங்கி உன் முன்னாலும் இருந்தது, என் வணக்கத்துக்குப் பதில் நீ அந்தப் பெயரைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் கோபப்படவில்லை. "நீங்க சொல்லாதத நான் சொன்னா அது மொழிபெயர்ப்பில்ல, கள்ளம். சுருக்கிப் பாத்தேன். நீங்கதானே முழுசும் சொல்லுன்னு கை காட்டுனீங்க?" என்றாள்.

றீற்றா அக்காவின் அழைப்பு வந்தது.

"எங்கட பேர் சொன்னியாடா தம்பி?"

"சொல்லக் கிடைக்கேல்லை அக்கா. ஒரு நிமிசம்தான் தந்தவங்கள்."

"எங்கட பேரைச் சொல்ல ஒரு நிமிசம் காணாதோ?"

அவரே மறுபடி கேட்டார்: "அப்ப அந்த நிமிசத்தில என்னதான் சொன்னனீ?"

"வணக்கம் சொன்னேன்."

அந்தப் பக்கத்தில் காற்றின் இரைச்சல் கேட்டது. பாய்கள் கிடக்கும் இடத்தில்தான் நிற்கிறார் போலும். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி, கவனமா வந்து சேர்" என்றார். அழைப்பு முடிந்தது.

லோரன்ஸ் வலையை மடியில் வைத்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டார்; ஜெயந்தி மலையாளத்தில் சொன்னாள். வணக்கம் என்ற சொல் வந்த இடத்தில் அவர் சிரிக்காமலிருக்க முயன்றது எனக்குத் தெரிந்தது. உங்கள் பேச்சுக்காரர் இனி என்ன செய்யப் போகிறார் என்று கேட்டாராம். நான் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தேன்.

"உரக்கச் சொல்லுங்க சாரே," என்றாள் ஜெயந்தி. "நான் இவருக்கு மொழிபெயர்க்கணும். இங்க சிவப்பு விளக்கொண்ணும் இல்ல."

போத்தலை மணலில் வைத்துவிட்டு எழுந்து நின்றேன். யாரையும் விளிக்கவில்லை. அவளுக்கும் அவருக்கும், இப்போது உங்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"கொண்டல்துறை. அடுத்த அமர்வு எந்த நாட்டில் கூடினாலும் போவேன். விளக்கு எரிந்ததும் முதலில் இதைச் சொல்வேன். இந்தப் பெயர் அவர்களுடைய பட்டியலில் ஏறும்வரை எந்த அவைக்கும் என் வாயிலிருந்து வணக்கம் வராது."